அடக்குவதும் பழக்குவதும்

எங்கள் திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி இருக்கிறது. பேருக்குத்தான் மலை, முழங்கால் வலி உள்ளவர்கள்கூட நிதானமாக ஏறிவிடலாம். உச்சியில் குதிரை முகத்தோடு ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்கிறார். கல்விக்குத் தெய்வம். பரீட்சைக் காலம் வந்தால் பிள்ளைகள் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாக வந்து நிற்பார்கள். அவர்களைவிட அதிகக் கவலையோடு பெற்றவர்கள் ஏலக்காய் மாலையுடன் பின்னால் நிற்பார்கள். 1268-ல் பிறந்த வேதாந்த தேசிகர் நெடுங்காலம் இந்த ஊரில் வாழ்ந்தவர். அவருக்கு ஹயக்ரீவர் காட்சி கொடுத்தது இந்த மலையில்தான் என்பது சம்பிரதாயம்.

படிப்புக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அசுரர்களிடமிருந்து வேதத்தை மீட்ட புராணத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சின்னதாக ஒரு பதில் தெரியும். குதிரை எதையும் கற்றுக்கொள்ளும். நல்லதையும் கற்கும், கெட்டதையும் கற்கும். கற்றதைச் சுலபத்தில் மறக்காது. ஆகவே அது என்ன கற்கிறது என்பது சொல்லிக் கொடுப்பவரின் குணத்தைப் பொறுத்தது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் குதிரை ஏறியவன் அல்ல. புதுச்சேரி சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன். குதிரையோடு எனக்கிருந்த உறவெல்லாம் ஜட்கா வண்டியின் வைக்கோல் மெத்தையில் உட்கார்ந்து அதன் முதுகைப் பார்த்தது மட்டும்தான். ஆனால் மனிதக் கை படாமல் வளர்ந்த ஒரு குதிரையை ஒரு மனிதர் பழக்கியதை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் குதிரை என்றதும் ஞாபகம் வருவது செஞ்சி தேசிங்கு ராஜன். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்தைப் பார்த்தவர்கள் என் வயதில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதற்கு முன்பே கதைப்பாட்டாக ஊர் ஊராகப் பாடப்பட்ட சரித்திரம் அது. டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்ததாம். அதை அடக்க முடியாமல் தேசிங்கின் தகப்பனார் சிறைப்பட்டாராம். மகன் போய், ஒரே தாவலில் ஏறி, அதை அடக்கித் தகப்பனாரை மீட்டு வந்தானாம். பாட்டில் அந்தக் குதிரை ஆகாயத்தில்கூடப் பறக்கும்.

சரித்திரத்தில் வரும் தேசிங்கு, சொரூப் சிங்கின் மகன், புந்தேல ராஜபுத்திரன். பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கப்பப் பாக்கிக்காக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தபோது, தன்னிடமிருந்த சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்துப் போய் 1714 அக்டோபரில் களத்தில் விழுந்தான். வயது 22 என்பார்கள். அவனுக்காகத் தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து உயிர் விட்ட நண்பன் மகமத் கானின் கதையைக் கேட்டால் இன்றைக்கும் கண் கலங்கும். செஞ்சிக்குப் பக்கத்து நீலாம்பூண்டியில் நண்பனுக்கும் குதிரைக்கும் சமாதி காட்டுகிறார்கள்.

வீரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரே தாவல்தான் எனக்கு இடிக்கிறது. குதிரையைப் பழக்குவது என்றால் முரட்டுத்தனமாக ஏறி, அது களைத்து விழும்வரை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் என்று அந்தக் கதை நம் எல்லார் மனசிலும் பதிய வைத்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எங்கள் ஊர் ஜட்காக்கார ராவுத்தரைப் பார்க்கும்வரை.

ராவுத்தர் என்றால் குதிரை வீரன் என்று பொருள். தமிழ்நாட்டில் குதிரை வியாபாரமும் குதிரைப் படைச் சேவகமும் செய்துவந்த முஸ்லிம்களுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிட்டிருக்கிறார். மயிலையே குதிரையாகக் கொண்டவன் அல்லவா! எங்கள் ராவுத்தர் அப்போது அறுபதைத் தொட்டவர். நாங்கள் எல்லாரும் அவரை பாய் என்போம். நான் தினமும் காலையில் அவர் வண்டியில் கடலூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் புதுச்சேரி ஆபீசுக்குப் போவேன்.

1975-ஆம் வருஷம் அவருடைய பழைய குதிரை வயிற்றுவலி கண்டு இறந்துபோனது. குதிரை போனால் பிழைப்பும் போச்சு. மனைவியின் வளையலை அடகு வைத்து, ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனார். அங்கே கூடும் குதிரைச் சந்தை இன்றைக்கும் பெயர் பெற்றது. நன்றாகப் பழகிய குதிரை வாங்க அவர் கையில் பணம் போதவில்லை. மலையடிவாரத்தில் அவிழ்த்துவிட்டே வளர்ந்த, மூன்று வயசு மட்டக் குதிரை ஒன்றைக் குறைந்த விலைக்குப் பிடித்துக்கொண்டு லாரியில் வந்து இறங்கினார். செம்மண் நிறம். யார் பக்கத்தில் போனாலும் பின்னங்காலால் உதைக்கும். லாரியிலிருந்து இறக்குவதற்கே ஆறு பேர் வேண்டியிருந்தது.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு ஆவணி மாதம் என்றால் என்னவென்று தெரியும். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் மலையில் நடக்கும் கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. ஒரு ஜோடி மாலையோடு இறங்கும்போதே அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ஜனங்களை ஏற்றி வரும் ஜட்காக்காரர்களுக்கு வருஷத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தில்தான். பாய்க்குக் கையில் இருந்தது ஐந்தாறு வாரம். அதற்குள் குதிரை வண்டிக்கு வந்தாக வேண்டும். மேளம், நாதஸ்வரம், வெடிச்சத்தம், கூட்டம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இல்லையென்றால் வளையல் முழுகிவிடும்.

மற்ற வண்டிக்காரர்கள் யோசனை சொன்னார்கள். "மூணு நாள் பட்டினி போடு. காலைக் கட்டிக் கீழ தள்ளி நாலு சாத்து சாத்து. நாலாம் நாள் கன்னுக்குட்டி மாதிரி நிக்கும்" என்றார்கள். அப்படிப் பழக்கிய குதிரைகள் எங்கள் பக்கத்தில் இருந்தன. பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முந்தின வருஷம் அப்படிப் பழக்கிய ஒரு குதிரை, சாலையில் யாரோ பட்டாசு கொளுத்தியதும் பிய்த்துக்கொண்டு ஓடி, வண்டி வாய்க்காலில் குடை சாய்ந்து, கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரியம்மாவுக்குக் கை முறிந்தது.

பாய் அதை ஞாபகப்படுத்தி எனக்கு ஒன்று சொன்னார். மாணிக்கவாசகர் கதை அவருக்குத் தெரியும், கூத்தில் பார்த்திருக்கிறார். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிட்டார் அவர். சிவபெருமானே குதிரை வணிகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ராத்திரியில் அவையெல்லாம் திரும்ப நரியாகி லாயத்தில் ஊளையிட்டன. கடைசியில் சிதம்பரத்தில் ஜோதியில் கலந்த அந்த மகானின் கதைக்கு நம் சைவப் பெரியவர்கள் எத்தனையோ தத்துவம் சொல்வார்கள். பாய் சொன்ன தத்துவம் இது: "அடிச்சுப் பழக்கின குதிரை எல்லாமே அந்த நரிப்பரிதான் தம்பி. பகல்ல குதிரையாத்தான் நிக்கும். பயம் வந்துச்சுன்னா உள்ளார இருக்கற நரி வெளிய வந்துடும்."

கெடிலம் ஆற்றங்கரையில் பனைமட்டையால் வட்டமாக ஒரு வேலி அடைத்தார். குதிரையை உள்ளே விட்டுவிட்டு, கொள்ளுக் கூடையோடு நடுவில் போய் உட்கார்ந்தார். அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு சும்மா இருந்தார். முதல் இரண்டு நாளும் இவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அலுத்துப்போய்த் திரும்பிவிட்டார்கள். நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது சாயங்காலத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன்.

"நேரா வந்து கண்ணைப் பாக்கறது புலி, தம்பி. பக்கவாட்டுல நிதானமா வர்றவன்தான் மனுசன்னு அதுக்குத் தெரியணும்" என்றார். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாமே தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் தெரியாது. அந்த இரண்டு இடத்திலிருந்து வருகிறவனைக் கண்டால் அது பயப்படும், பயந்தால் ஓடும், ஓட முடியாவிட்டால் உதைக்கும். புல் தின்று பிழைக்கிற, ஓடியே உயிர் தப்புகிற பிராணி அது. முரண்டு என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் பயம்தான்.

மூன்றாம் நாள் குதிரை தானாக வந்து கூடையை மோந்து பார்த்தது. பாய் கையை நீட்டி அதன் தோளைத் தொட்டார். மூக்கைத் தொடவில்லை. தொட்ட உடனே அது விலகுவதற்கு முன்னால் அவரே எழுந்து விலகிப்போனார். ஏன் என்று கேட்டேன். "அது போறதுக்கு முன்னாடி நான் போயிட்டா, நான் புடிக்க வரலன்னு அதுக்குப் புரியும்" என்றார். ஒரு வாரத்துக்குள் கழுத்து, முதுகு, வயிறு, கடைசியில் கால்கள் வரைக்கும் கை போய்விட்டது.

அப்புறம் கயிறு. தலைக்கயிறு மாட்டி மெதுவாக ஒரு பக்கம் இழுப்பார். குதிரை அடம் பிடிக்கும். அவரும் விடமாட்டார், ஆனால் பலமாகவும் இழுக்கமாட்டார். அது அரை அடி அந்தப் பக்கம் சாய்ந்ததோ இல்லையோ, சட்டென்று கயிற்றைத் தளர்த்திவிடுவார். "இழுக்கறப்ப அது ஒண்ணும் கத்துக்காது. விடறப்பதான் கத்துக்கும்" என்றார். எனக்கு அன்று அது ஒரு குதிரைக்காரரின் பேச்சாகத்தான் பட்டது. பின்னாளில் வெளிநாட்டுக் குதிரைப் பயிற்சிப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தபோது, அந்தக் கலையின் அடிப்படையே அதுதான் என்று தெரிந்தது. அழுத்தம் சங்கதியைக் கேட்கிறது. அழுத்தத்தை விடுவதுதான் பதிலைச் சொல்கிறது.

நீளக் கயிற்றில் வட்டமாக ஓட விட்டார். இடப்பக்கம் சுற்றக் கற்ற குதிரைக்கு வலப்பக்கமும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பாடம் மறு பக்கத்துக்குத் தானாகப் போகாது. கோணிச் சாக்கை உடம்பெல்லாம் தேய்த்து, பிறகு பக்கத்தில் உதறி, சத்தத்துக்குப் பயம் தெளிய வைத்தார். கடிவாள இரும்பில் வெல்லம் தடவி வாயில் கொடுத்தார். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. இரும்பு அங்கேதான் உட்கார வேண்டும். வயிற்று வாரை முதல் நாள் தொளதொள என்று கட்டி, தினம் கொஞ்சமாக இறுக்கினார்.

முதுகில் ஆள் ஏறிப் பழகாத குதிரை வண்டிக்கும் முழுசாக வராது என்பது அவர் கட்சி. அதற்கு ஆற்று மணலுக்குக் கொண்டுபோனார். ஆழமான மணலில் குதிரையால் எகிறிக் குதிக்க முடியாது, விழுந்தாலும் அடிபடாது. முதலில் மணல் மூட்டை வைத்தார். பிறகு பத்து வயசுப் பேரனை அதன் முதுகில் குறுக்கே, சாக்கு மூட்டை போலக் கவிழ்த்துப் போட்டார். இரண்டு நிமிஷம், இறக்கிவிட்டார். மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் பையன் காலைப் போட்டு உட்கார்ந்தான். குதிரை காதை முன்னும் பின்னும் ஆட்டியது. தலையைத் தாழ்த்தி வாயைச் சப்புக் கொட்டியது. அது சப்புக் கொட்டினால் மனசு இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். மெதுவாக நடந்தது. அவ்வளவுதான். தாவலும் இல்லை, ஆகாயத்தில் பறக்கவும் இல்லை.

இதற்குள் ஆவணி முதல் முகூர்த்தம் வந்துவிட்டது. தெரு கொள்ளாத கூட்டம். மற்ற வண்டிகள் எல்லாம் நாலு நடை, ஐந்து நடை அடித்துக்கொண்டிருந்தன. பாய் மட்டும் ஆற்றங்கரையில் குதிரைக்குப் பின்னால் நீளக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பனங்கட்டை இழுக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். எனக்கே மனசு கேட்கவில்லை. "பாய், இன்னிக்கு ஒரு நாள் வண்டியில பூட்டிப் பாக்கலாமே? சாதுவாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"பூட்டலாம் தம்பி. இன்னிக்குப் பூட்டினா இன்னிக்குக் காசு வரும். ஒரு வெடிச் சத்தத்துல மெரண்டுச்சுன்னா, அப்புறம் சாகற வரைக்கும் என்னை நம்பாது" என்றார். அவர் வீட்டில் அன்றைக்கு அரிசி இருந்ததா என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

சத்தத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. ஊரில் தவில் வாசிக்கிறவர் ஒருவர் சாயங்காலம் சாதகம் பண்ணுவார். அவரிடம் பேசி, ஆற்றங்கரைக்கு வந்து வாசிக்கச் சொன்னார். முதல் நாள் இருநூறு அடி தூரத்தில். அதே நேரத்தில் குதிரைக்குக் கொள்ளு. தினமும் தவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும். பத்து நாளில் தவில் சத்தம் கேட்டாலே கொள்ளு எங்கே என்று குதிரை திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது!

ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு வண்டி பூட்டினார். அந்த வருஷம் அது ரமலான் மாதம், நோன்போடுதான் ஓட்டினார். நானும் லீவு போட்டுவிட்டு முன்பக்கம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சன்னிதித் தெரு முனையில் மேளத்தோடு ஒரு மாப்பிள்ளை அழைப்பு எதிரே வந்தது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள். குதிரை நின்றுவிட்டது. உடம்பு முழுக்க நடுக்கம் ஓடியது எனக்குக் கடிவாள வாரிலேயே தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மூச்சுக்கூட விடவில்லை. பாய் சவுக்கை எடுக்கவில்லை. இழுக்கவும் இல்லை. ஆற்றங்கரையில் பேசுகிற அதே குரலில் ஏதோ சொன்னார். அதன் காது இரண்டும் பின்பக்கம், அவர் குரல் வந்த பக்கம் திரும்பின. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் நடந்தது.

அன்று எட்டு நடை அடித்தார். வளையல் நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. அந்தக் குதிரை பதினோரு வருஷம் உழைத்தது. ஆட்டோ வந்து ஜட்காக்கள் ஒவ்வொன்றாக மறைந்த பிறகும் பாய் அதை விற்கவில்லை. வண்டியைத்தான் விற்றார். யாரையும் அது ஒரு தடவைகூட உதைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அதனால் எதைப் பார்த்தாலும் அதற்குப் பிரெஞ்சில் என்ன வார்த்தை என்று மனசு தேடும். இளங்குதிரைக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுப்பதை அவர்கள் 'தெபூரே' என்பார்கள். 'பூர்' என்றால் திணித்து அடைத்த பஞ்சு, முடி போன்றது. உள்ளே அடைத்திருப்பதை மெல்ல வெளியே எடுப்பது என்று கருத்து. ஆங்கிலத்திலோ இதே வேலைக்கு உடைப்பது என்ற வார்த்தையை வைத்துவிட்டார்கள். பிரெஞ்சில் இன்னொரு வார்த்தை உண்டு, 'அப்ரிவ்வாஸே'. மிரண்ட பிராணியை நம்மோடு நெருக்கமாக்கிக் கொள்வது. இதற்குத் தமிழில் என்ன என்று ரொம்ப நாள் யோசித்தேன். நம்மிடம் கைக்குள்ளேயே இருக்கிறது: பழக்குவது. அடக்குவது என்பதை ஒருவன் மட்டும் செய்துவிடலாம். பழக்குவது அப்படி இல்லை. பழகு என்பதிலிருந்து பிறந்த சொல் அது. நாம் பழகாமல் எதையும் பழக்க முடியாது.

பழைய காலத்தில் இதை அறிந்தவர்கள் எல்லா தேசத்திலும் இருந்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் செனபோன் என்பவர் 2300 வருஷங்களுக்கு முன்பே குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகக்கூடாது என்பது அதில் முக்கியமான பாடம். அலெக்சாந்தர் சிறுவனாக இருந்தபோது பியூசிஃபலஸ் என்ற முரட்டுக் குதிரையை அடக்கிய கதையைப் புளூட்டார்க் சொல்கிறார். கதையைச் சரியாகப் படித்தால் அது அடக்கிய கதையே இல்லை. அந்தக் குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்று பையன் கவனித்தான். அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான். நிழல் பின்னால் போய்விட்டது, பயமும் போய்விட்டது. பெரியவர்கள் எல்லாரும் குதிரையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒருவன்தான் அது எதைப் பார்க்கிறது என்று பார்த்தான்.

நம் தமிழ்நாட்டில் இந்த வித்தை தெரியாமல் போனதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நல்ல குதிரை இங்கே விளைவதில்லை. கடல் வழியாகக் குதிரை வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை இந்தப் பக்கம் வரவும் விடுவதில்லை என்று காரணமும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! பொன்னைக் கொட்டி வாங்கியவர்களுக்கு, எங்கள் பாயைப் போல நாலு பேர் இருந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

இன்றைக்கு இந்தக் கலை உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று அமெரிக்கா. அங்கே மேற்குப் பகுதிகளில் முஸ்டாங் என்ற குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளில் தப்பி ஓடியவற்றின் வம்சம் அவை. பெயரே சொந்தக்காரன் இல்லாத கால்நடை என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. 1971-ல் சட்டம் போட்டு அவற்றுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். எண்ணிக்கை பெருகி மேய்ச்சல் போதாமல் போகும்போது அரசாங்கமே ஒரு பகுதியைப் பிடித்துப் பட்டியில் அடைக்கிறது. வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் பழகாத குதிரையை யார் வாங்கிப்போவார்கள்? பழகியது ஒரு வீட்டுக்குப் போகும். பழகாதது பட்டியிலேயே காலம் தள்ளும்.

அதனால் நெவாடா, கொலராடோ போன்ற மாநிலங்களில் சிறைக் கைதிகளிடம் இந்தக் குதிரைகளைப் பழக்கும் வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள். இதை வைத்து ஒரு பிரெஞ்சுப் பெண் இயக்குநர் 2019-ல் 'தி மஸ்டாங்' என்று படம் எடுத்தார். கோபக்காரனான ஒரு கைதி, குதிரையிடம் கோபம் செல்லுபடியாகாது என்று தெரிந்துகொள்வதுதான் கதை. கத்தினால் அது ஓடும். அடித்தால் திருப்பி உதைக்கும். தன் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டால்தான் கிட்டே வரும். வட்ட வேலிக்குள் அவன் குதிரைக்கு முதுகைக் காட்டி உட்காரும் இடத்தில், என் கண்ணுக்குத் தெரிந்தது கெடிலக்கரைப் பனைமட்டை வேலியும் கொள்ளுக் கூடையும்தான்.

நம்மிடமும் சொந்தக்காரன் இல்லாத குதிரைகள் உண்டு. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போனவர்கள், வெளிமான்களோடு மட்டக் குதிரைகளும் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் சந்ததி இன்னும் வெட்டவெளியில் திரிகிறது. கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாட்டை அங்கிருந்து வருகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவற்றைப் பிடித்துப் பழக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுதந்திரமாக இருப்பவை அப்படியே இருக்கட்டும். தண்ணீர் மட்டும் கிடைக்கட்டும். ஆனால் நாளைக்கே ஒரு குதிரையைக் காப்பாற்ற அதன் கிட்டே போக வேண்டும் என்றால், மிரளாமல் கிட்டே போகத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர் மிச்சம்?

அந்தியூர்ச் சந்தையில் இன்றும் குதிரைகள் வருகின்றன. கல்யாண ஊர்வலத்துக்கு நாட்டியக் குதிரைகளும் வருகின்றன. அவற்றில் எது பழக்கியது, எது அடக்கியது என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். சத்தம் கேட்டதும் அதன் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். தன் ஆளின் குரலைத் தேடித் திரும்பினால் அது பழகிய குதிரை. காதை மடக்கிக்கொண்டு கண் வெள்ளையைக் காட்டினால், பாய் சொன்ன நரி உள்ளேதான் இருக்கிறது, தள்ளி நில்லுங்கள்.

உங்கள் ஊரில் பழைய ஜட்காக்காரர்கள், லாடம் அடித்தவர்கள், குதிரைக்குச் சேணம் தைத்தவர்கள் யாராவது எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சாயங்காலம் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவசரப்பட்டுக் கேள்வி மேல் கேள்வி போடாதீர்கள். சும்மா பக்கத்தில் இருங்கள். அவர்களாகவே சொல்வார்கள்.